நாவல் மரத்தடியில் ஒரு பாடத்திட்டம்

"மிஸ், குரங்கு நெசமாவே இதயத்தைக் கழட்டி மரத்துல வெச்சுட்டு வருமா?"

குரங்கும் முதலையும் கதையைச் சொல்லி முடித்ததும் மூன்றாம் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்காமல் இருக்காது. நம் பள்ளிகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கதைன்னா அப்படித்தான், உக்காரு" என்பது. பிறகு கரும்பலகையில் 'நீதி: ஆபத்தில் புத்தியை இழக்காதே' என்று எழுதப்படும். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். மணி அடிக்கும். அடுத்த பாடவேளையில் அறிவியல் புத்தகம் திறக்கும். பாடம், உடல் உறுப்புகள். இதயம் எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று ஆசிரியர் நடத்துவார். சற்று முன்புதான் அந்தப் பிள்ளை இதயத்தைப் பற்றித் தானாகக் கேட்டது. கேட்டபோது உட்காரச் சொன்னோம். கேட்காதபோது பதில் சொல்கிறோம்.

தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தைக் கதைப் புத்தகங்களைச் சுற்றி அமைக்கலாம் என்று சொல்கிறவர்கள் கேட்பது இதைத்தான்: கேள்வி எழும் இடத்தில் பாடம் தொடங்கட்டும். இன்று கதைப் புத்தகத்துக்குப் பள்ளியில் இருக்கும் இடம், பாடமெல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. அதை முன்னால் கொண்டுவந்து வைத்து, மூன்று வாரத்துக்கு ஒரு கதை என்று எடுத்துக்கொண்டு, மொழியும் சூழ்நிலையியலும் வரைபடமும் நாடகமும் அந்தக் கதைக்குள்ளிருந்து எழும்படி திட்டமிட முடியும். கேட்க அழகாக இருக்கிறது, நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதுதான் எல்லா ஆசிரியர்களும் கேட்பது. ஒத்துவரும். ஆனால் சில இடங்களில் கறாராக இருந்தால்தான்.

மீசை வைத்த அம்மா

இந்த யோசனைக்கு நம் நாட்டிலேயே வயது கிட்டத்தட்ட நூறு. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா (1885–1939) என்று ஒரு வக்கீல் இருந்தார். தொழிலை விட்டுவிட்டு தட்சிணாமூர்த்தி என்ற கல்வி நிறுவனத்தில் சேர்ந்து, 1920-இல் சின்னப் பிள்ளைகளுக்கென்று பால மந்திர் தொடங்கினார். பெரிய மீசைக்காரர். பிள்ளைகள்மேல் அவர் வைத்த பாசத்தைப் பார்த்து ஊரார் அவரை 'மீசை வைத்த அம்மா' என்றே அழைத்தார்கள். 1932-இல் அவர் எழுதிய 'திவாஸ்வப்னா', தமிழில் 'பகற்கனவு' என்ற பெயரில் வந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களில் அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பெயரோடு நின்றவர்களும் நிறைய.

நாவல் போல எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தில், லட்சுமிராம் என்ற ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் ஓராண்டுக்கு அனுமதி வாங்கி நாலாம் வகுப்பை எடுத்துக்கொள்கிறார். முதல் நாள் அமைதி விளையாட்டு என்று படித்துவைத்த ஒன்றைச் செய்துபார்க்கிறார். வகுப்பில் ஒரே கூச்சல். மறுநாள் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். வகுப்பு அப்படியே அடங்கிவிடுகிறது. கதை ஒரு நாளில் முடியாமல் மறுநாளைக்கு நீள்கிறது. பாடம் எப்போது தொடங்கும் என்று மேலிருந்து கேள்வி வருகிறது, பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் கேலி செய்கிறார்கள். அவரோ அசையவில்லை. கதைக்குத் தவிக்கும் பிள்ளையிடம் ஒழுங்கும் வரும், கவனமும் வரும், படிக்கும் ஆசையும் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். ஆளுக்கொரு பாடநூல் வாங்கும் காசை ஒன்றாகச் சேர்த்துக் கதைப் புத்தகங்கள் வாங்கி வகுப்பு நூலகம் அமைக்கிறார். எல்லாரும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டிருப்பதைவிட, ஆளுக்கொரு புத்தகம் வாங்கி எல்லாரும் எல்லாவற்றையும் படிப்பது மேல். மிக எளிய கணக்கு. இத்தனை ஆண்டுகளில் எத்தனை பள்ளிகள் அதைப் போட்டுப் பார்த்தன என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

மூன்று வாரம், ஒரு கதை

அதே குரங்கும் முதலையும் கதையை வைத்து ஒரு திட்டத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மூன்றாம் அல்லது நாலாம் வகுப்பு. முதல் பருவம், ஜூலை மாதம். ஏன் ஜூலை? கதையில் வருவது நாவல் மரம். ஆனி, ஆடியில்தான் பழம் உதிரும். முதலை தின்ற பழத்தைப் பிள்ளைகளும் தின்று, நாக்கு ஊதாவாகி, ஒருவர் நாக்கை ஒருவர் பார்த்துச் சிரிக்க வேண்டும். பாடத்திட்டம் போடுகிறவர் பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

முதல் வாரம் முழுக்கக் கதைதான். வேறு எதையும் அதோடு சேர்க்கக் கூடாது. முதல் நாள் ஆசிரியர் புத்தகம் இல்லாமல், தன் பேச்சுத் தமிழில் சொல்கிறார். இரண்டாம் நாள் அதே கதையைப் புத்தகத்திலிருந்து, வரியின் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வாசிக்கிறார். நியூசிலாந்தில் டான் ஹோல்டவே என்ற கல்வியாளர் 1970-களில் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். வீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு புத்தகம் பார்க்கும் பிள்ளைக்குக் கிடைப்பது வகுப்பு முழுமைக்கும் கிடைக்க வேண்டும் என்று, கடைசி வரிசைக்கும் எழுத்து தெரிகிற அளவில் பெரிய புத்தகங்களைப் பயன்படுத்தினார். நம் பள்ளியில் அச்சிட்ட பெரிய புத்தகம் இல்லையென்றால், போன வருட காலண்டர் தாளின் பின்பக்கமும் ஒரு தடித்த ஸ்கெட்ச் பேனாவும் போதும். பக்கத்துக்கு இரண்டு வரி, மேலே ஒரு படம். படத்தைப் பிள்ளைகளே போடலாம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்த இரண்டாம் நாள் வாசிப்பு மிக முக்கியம். வீட்டில் "குரங்கு மரத்துல இருந்துச்சு" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, "குரங்கு மரத்தில் வாழ்ந்து வந்தது" என்ற எழுத்துத் தமிழைக் காதால் கேட்பதற்கு வேறு இடமே இல்லை. எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, வாசித்தது என்னவென்று சொல்லத் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருக்கிறார்கள். எழுத்து தெரிந்திருக்கும், அந்த நடை காதுக்குப் பழகியிருக்காது. நேற்றே தெரிந்த கதையை இன்று அந்த நடையில் கேட்கும்போது, மொழி புதிதாக இருந்தாலும் பொருள் கைக்குள் இருக்கிறது. பயம் விட்டுப்போகிறது.

மூன்றாம் நாள் பிள்ளைகளும் கூடவே வாசிக்கிறார்கள். நாலாம் நாள் நாடகம். பெஞ்சுதான் மரம், கோலப்பொடியால் போட்ட கோடு ஆறு. முதலை முதுகில் குரங்கு ஏறும்போது வகுப்பு இரண்டாகும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் நாள் ஒரு பெரிய சார்ட்டை ஒட்டி, பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு போகிறார் ஆசிரியர். இதயம் இல்லாம உயிரோட இருக்க முடியுமா? முதலைக்கு இதயம் இருக்கா? முதலை பழம் தின்னுமா? குரங்குக்கு நீச்சல் தெரியாதா? முதலை ஏன் நடு ஆத்துல உண்மையைச் சொல்லிடுச்சு? எல்லாத்துக்கும் ஏன் முதலையோட பொண்டாட்டி மேலயே பழி?

அந்தச் சார்ட்தான் அடுத்த இரண்டு வாரங்களின் பாடத்திட்டம். ஆசிரியர் இரவு வீட்டில் உட்கார்ந்து, பாடநூலின் கற்றல் விளைவுகளில் எவையெவை இதற்குள் வருகின்றன என்று குறித்துக்கொள்ளலாம். பாடக்குறிப்பு எழுதும் முறை இங்கே தலைகீழாகிறது, அவ்வளவுதான். வேலை கூடுவது முதல் முறை மட்டும்.

இரண்டாம் வாரம் இதயம். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் மணிக்கட்டில் ஒருவர் நாடி பிடித்துப் பார்க்கிறார்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து மறுபடியும் எண்ண வேண்டும். ஆளாளுக்கு இரண்டு எண், வகுப்புக்கு ஒரு அட்டவணை, அதை வைத்துப் பட்டை வரைபடம். கணக்கை இங்கே யாரும் வலிந்து நுழைக்கவில்லை. நாடித்துடிப்பு தெரிய வேண்டுமென்றால் எண்ணித்தான் ஆக வேண்டும். அடுத்து முதலையின் இதயம். பல்லிக்கும் பாம்புக்கும் இதயத்தில் மூன்று அறைகள். முதலை அவற்றின் உறவினம்தான் என்றாலும், நமக்கும் குரங்குக்கும் இருப்பதுபோல அதற்கு நான்கு அறைகள். இதைக் கேட்டதும் பிள்ளைகள் கதையை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குவார்கள்.

முதலை பழம் தின்னுமா என்ற கேள்வியில் ஆசிரியர் அவசரப்பட்டு "தின்னாது" என்று சொல்லிவிடக் கூடாது. முதலை இனங்கள் பலவும் இறைச்சியோடு பழமும் விதையும் விழுங்குவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முட்டை மண்ணுக்குள் இருக்கும்போது அங்குள்ள வெப்பத்தைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவாகும் என்பதும், தாய் முதலை குஞ்சுகளை வாயில் வைத்துத் தண்ணீருக்குத் தூக்கிப்போகும் என்பதும் எந்தக் கட்டுக்கதைக்கும் குறைந்த வியப்பில்லை. சென்னைப் பக்கத்துப் பள்ளியென்றால் வடநெம்மேலியில் 1976 முதல் இருக்கும் முதலைப் பண்ணைக்கு ஒரு நாள் கூட்டிப்போகலாம். உடுமலைப் பிள்ளைகளுக்கு அமராவதி, திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்குச் சாத்தனூர்.

சிதம்பரம் பக்கம் கொள்ளிடக் கரையில் இதே கதை வேறு மாதிரி இறங்கும். அங்கே முதலை படத்தில் பார்க்கும் பிராணி கிடையாது. வெள்ளம் வடிந்தபின் குளத்திலும் வாய்க்காலிலும் கிடக்கும். வனத்துறையினர் பிடித்துக் கொண்டுபோய் வக்காரமாரி ஏரியில் விடுவார்கள். அந்த ஊர்ப் பிள்ளை ஆசிரியரைவிட அதிகம் தெரிந்தவள். அங்கே இரண்டாம் வாரத்தின் பாடம் இதயம் இல்லை. எந்தத் துறையில் இறங்கக் கூடாது, ஆடு மாட்டுக்கு எங்கே தண்ணீர் காட்டலாம், பிடித்த முதலையை ஏன் கொல்லாமல் ஏரியில் விடுகிறார்கள், அது நியாயமா என்பதுதான் பேச்சு. சென்னையில் அச்சடித்த ஒரே வழிகாட்டியை வைத்து இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி நடத்த முடியாது. மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளில் ஒரே பாடம் என்ற எண்ணத்தோடு இந்த முறைக்கு ஒத்துப்போகாது.

மூன்றாம் வாரம் எனக்கு மிகவும் பிடித்தது. கதை ஊர் சுற்றிய கதை. பஞ்சதந்திரத்தில் இருக்கும் நாவல் மரம், புத்த ஜாதகக் கதையில் அத்தி மரமாகிறது. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய், எட்டாம் நூற்றாண்டில் அரபுக்குப் போனபோது முதலை ஆமையாகிவிட்டது. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் சுவாஹிலி மக்கள் சொல்லும் கதையில் குரங்கைக் கூட்டிப்போவது சுறா. கொரியாவில் குரங்கே இல்லை. கடலுக்கடியில் இருக்கும் அரசனின் நோய் தீர முயலின் ஈரல் வேண்டுமென்று ஆமை வருகிறது, முயல் "ஈரலைக் கரையில் வைத்துவிட்டு வந்தேன்" என்கிறது. தமிழுக்குப் பஞ்சதந்திரக் கதைகள் உரைநடையாக வந்தது 1826-இல். சென்னைக் கல்விச் சங்கத்தில் தலைமைப் புலவராக இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்தார். உலகப் படத்தை விரித்து நூலும் குண்டூசியும் கொடுத்தால் போதும். கண்டம், கடல், திசை எல்லாம் பிள்ளைகளின் விரல்பட்டு மனதில் ஏறும். "ஏன் அங்கே சுறா, இங்கே முதலை?" என்று ஒரு பிள்ளை கேட்டால் புவியியல் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் எழுத்து வேலை. உன் ஊரில் இந்தக் கதை நடந்தால் யார் யார் வருவார்கள், எழுது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் மீனவர் குப்பத்துப் பிள்ளைக்கும் ஒரே கதை வராது. அவற்றைத் தைத்து அட்டை போட்டால் வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம். நாவல் மரம் இன்னும் ஒரு கதைக்கு வழி விடும்: சுட்ட பழம், சுடாத பழம் என்று ஔவையிடம் கேட்ட மாட்டுக்காரச் சிறுவன். நாவல் சாற்றில் கொஞ்சம் எலுமிச்சையும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் தனித்தனியே விட்டு நிறம் மாறுவதைப் பார்ப்பது, பருவ முடிவில் எல்லாப் பிள்ளையும் நினைவில் வைத்திருக்கும் பாடமாக இருக்கும்.

கதைக்கு வெளியே நிற்பவை

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கதையிலிருந்து பிழிய முடியாது, பிழியவும் கூடாது.

247 எழுத்துகளைப் பிள்ளை கதை கேட்டே கற்றுக்கொள்ளும் என்று நம்புவது ஆபத்து. வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்கு அது துரோகம் என்றே சொல்வேன். உயிரெழுத்து, மெய்யெழுத்து, கொம்பு, கால் எல்லாம் ஒரு வரிசையில், தினமும், தனி நேரத்தில் வர வேண்டும். 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பார்ப்பதில் இந்தப் புரிதல் இருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தலும் அப்படித்தான். கணக்குக்கு அதன் படிகள் உண்டு. கதைக்காக அவற்றை மாற்றினால் கணக்கும் கெடும், கதையும் கெடும்.

அமெரிக்காவில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோருக்காக ஜேன் கிளேர் லம்பெர்ட் என்பவர் 1990-களில் ஒரு முறை வகுத்தார். ஒரு படப்புத்தகத்தை ஐந்து நாள் தொடர்ந்து வாசிக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் ஒரு பாடம். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதன் அருமையை அவர் சரியாகப் பிடித்தார். ஆனால் ஒரு புத்தகம் எல்லாப் பாடத்தையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று வந்துவிட்டால், "முதலையிடம் பத்துப் பழம், மூன்றைத் தின்றது, மீதி எத்தனை?" என்று முடியும். அந்தக் கணக்குக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட பசிக்கார கம்பளிப்புழு கதை வேறு. திங்களன்று ஒரு பழம், செவ்வாயன்று இரண்டு என்று வெள்ளிவரை ஐந்து நாளில் 15 பழம் தின்கிறது அந்தப் புழு. எண்ணுவதும், கிழமைகளும், புழு வண்ணத்துப்பூச்சியாவதும் அந்தக் கதையின் எலும்பிலேயே இருக்கின்றன. அதை வைத்துக் கணக்கு நடத்தலாம். இல்லாத கதையில் தேடக் கூடாது.

இன்னொன்று. மூன்று வாரம் துருவிப் பார்க்கும் கதை தவிர, தினமும் ஒரு கதை சும்மா வாசிக்கப்பட வேண்டும். கேள்வி இல்லை, நீதி இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட வேண்டும். ஒவ்வொரு கதைக்குப் பின்னாலும் ஒரு வேலை காத்திருக்கிறது என்று பிள்ளை கண்டுகொண்டால், கதை என்றதும் முகம் சுருங்கும். அதற்குப் பாடநூலே போதுமே.

எந்தப் புத்தகம்?

2012-13 முதல் நமக்கு முப்பருவ முறை. பருவத்துக்கு நான்கு கதை வைத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுப்பதுதான் திட்டத்தின் உயிர். அதில் பாதி பஞ்சதந்திரமும் தெனாலிராமனுமாகப் போய்விடக் கூடாது. ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990-இல் எழுதியதை நம்மவர்களும் படிக்க வேண்டும்: புத்தகம் சில பிள்ளைகளுக்குச் சன்னலாக இருக்கிறது, கண்ணாடியாகவும் இருக்க வேண்டும். செங்கல் சூளைக்கு அப்பா அம்மாவோடு போய்வரும் பிள்ளை, பழங்குடிக் குடியிருப்பிலிருந்து நடந்து வரும் பிள்ளை, வட இந்தியாவிலிருந்து வந்து திருப்பூரில் சேர்ந்த பிள்ளை ஆண்டில் ஒரு கதையிலாவது தன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பெரிய வகுப்புகளுக்குத் தமிழில் இப்போது நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பிள்ளைகளுக்குப் புரியும் விதத்தில், பயமுறுத்தாமல் பேசுகிறது. 2020-க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. இந்த விஷயத்தைச் சுற்றறிக்கை வைத்து நடத்தத் திணறும் ஆசிரியர், அந்தக் கதையைத் தினம் ஓர் அத்தியாயமாக வாசித்தால் பேச்சு தானாக வரும். 2023-இல் அதே விருதைப் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' பிள்ளைகளைக் கீழடிக்குக் கூட்டிப்போகிறது. ஐந்தாம் வகுப்பு வரலாற்றை அங்கிருந்து தொடங்கினால் பானை ஓடும், அதில் கீறிய பெயரும், தோண்டி எடுக்கும் முறையும் வரிசையாக வரும்.

சின்ன வகுப்புகளுக்குப் பணம்கூடப் பெரிய தடை இல்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம்; இறக்கி அச்சிடலாம், நம் பிள்ளைகளின் பேச்சுக்கேற்ப மாற்றவும் உரிமை உண்டு. பள்ளிக்கல்வித் துறையே 2023-இல் 'வாசிப்பு இயக்கம்' தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது.

ஈராசிரியர் பள்ளிகளில் இதெல்லாம் முடியுமா என்று கேட்பார்கள். அங்கேதான் இது மிகப் பொருந்தும். ஐந்து வகுப்பும் இரண்டு அறையில் உட்கார்ந்திருக்கும் பள்ளியில், ஒவ்வொரு வகுப்புக்கும் தனிப் பாடம் நடத்தி ஓடி ஓடி ஓய்ந்துபோகிறார் ஆசிரியர். ஒரு கதையை எல்லாரும் சேர்ந்து கேட்க முடியும். ஒன்றாம் வகுப்பு படம் வரையும், மூன்றாம் வகுப்பு நாடி எண்ணும், ஐந்தாம் வகுப்பு கொரியாவைத் தேடும். பெரியவள் சின்னவனுக்கு வாசித்துக் காட்டுவாள்.

பீரோவின் சாவி

தடை எங்கே என்று கேட்டால் ஆசிரியர்கள் தயங்காமல் கைகாட்டுவது தலைமை ஆசிரியர் அறையில் இருக்கும் பீரோவை. புத்தகங்கள் அதற்குள் இருக்கின்றன. பல இடங்களில் கட்டுப் பிரிக்காமலே இருக்கின்றன. காரணம் அக்கறையின்மை இல்லை, இருப்புப் பதிவேடு. புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர். கைக்காசு போட வேண்டிவரும் என்ற பயம். ஆறு வயதுப் பிள்ளை தினமும் புரட்டும் புத்தகம் ஒரு வருடத்தில் கிழியத்தான் செய்யும். கிழியாமல் இருந்தால் அதை யாரும் படிக்கவில்லை. சத்துணவுக்கூடத்தில் அரிசி தீர்ந்தால் தீர்ந்ததென்று எழுதுகிறோம். கதைப் புத்தகத்துக்கு மட்டும் தீராத ஆயுளை எதிர்பார்க்கிறோம்.

துறை செய்ய வேண்டியது புதிதாக இன்னொரு திட்டம் அறிவிப்பதில்லை. தொடக்கப்பள்ளிக் கதைப் புத்தகங்களை நுகர்பொருளாகக் கருதி, கிழிந்ததையும் தொலைந்ததையும் ஆண்டு முடிவில் தலைமை ஆசிரியரே கழித்து எழுதிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஓர் உத்தரவு போட வேண்டும். கழித்த எண்ணிக்கைக்கு ஈடாக ஜூன் மாதம் புதுப் புத்தகம் வர வேண்டும். பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர் பாடக்குறிப்பைக் கேட்பதற்கு முன்னால், சுவரில் ஒட்டிய கேள்விச் சார்ட்டைப் பார்த்து, அதில் ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்கட்டும். அடுத்து, இந்த ஆண்டு எத்தனை புத்தகம் கிழிந்தது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்கட்டும். 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்தால் அந்தப் பள்ளிக்குத்தான் விளக்கக் கடிதம் அனுப்ப வேண்டும்.